உப்பளப் பம்புக்குக் கார் எஞ்சின்: சுற்று மாறாமல் ஓட்டுவது எப்படி?

வாலிநோக்கம், மாரியூர் பக்கத்து உப்பளங்களில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கப் பழைய டீசல் கார் எஞ்சின் போதுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போதும். நான் பொருத்திக் கொடுத்த எஞ்சின் இன்றும் இறைத்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினை இறக்கி இரும்புச் சட்டத்தில் உட்கார வைப்பது எந்தப் பட்டறையிலும் நடக்கும் வேலை என்பதால், அதற்கு அடுத்த கட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

1. விசையை எடுக்கும் இடம்

முன்பக்கக் கிராங்க் புல்லியிலிருந்து எடுக்காதீர்கள். பெரிய பெல்ட்டின் பக்கவாட்டு இழுப்பை அது தாங்காது. பின்சக்கர இழுவைக் காராக இருந்தால் கிளட்ச், கியர்பாக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நான்கு கியர் பெட்டியில் டாப் கியர் போட்டால் எஞ்சின் சுற்றே அப்படியே வெளியே வரும். அதை இருபுறமும் பேரிங் தாங்கிய தனித் தண்டுக்குக் கொடுத்து, அந்தத் தண்டில் புல்லி மாட்டுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓட, பம்புக்கு 1500 வேண்டுமென்றால், தண்டில் 6 அங்குலப் புல்லி, பம்பில் 8 அங்குலப் புல்லி. பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி கட்டாயம். வேட்டி நுனி சிக்க ஒரு நொடி போதும்.

2. சுற்றை நிலைநிறுத்துவது

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான். ஆக்ஸிலேட்டரைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால் சுற்று நிலைக்கும் என்று நினைக்கிறார்கள். நிலைக்காது. பம்பு காற்றை இழுத்தால் சுமை போய்விடும், எஞ்சின் சீறும். மையவிலக்குப் பம்பில் (சக்கரம் சுழன்று தண்ணீரை வெளியே தள்ளும் வகை) சுற்று 10 சதவீதம் ஏறினாலே தேவைப்படும் திறன் ஏறக்குறைய 33 சதவீதம் ஏறிவிடும். சுமைக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைப்பது கவர்னரின் வேலை.

எஞ்சினுக்கு டீசலைச் செலுத்தும் டீசல் பம்புக்குள் கவர்னர் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே வகையல்ல. சில எந்தச் சுற்றில் வைத்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். சில ஐடிலையும் (எஞ்சின் அணையாமல் ஓடும் மிகக் குறைந்த சுற்று) உச்சத்தையும் மட்டுமே கவனிக்கும். நடுவில் உங்கள் கால்தான் கவர்னர். உங்களுடையது எது என்று இப்படிக் கண்டுபிடியுங்கள்: எஞ்சின் சூடானதும், சுமையில்லாமல் 2000 சுற்றில் டீசல் பம்பின் ஆக்ஸிலேட்டர் லீவரை நிறுத்துங்கள். தண்ணீர் பம்பை இணைத்து, தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வை மெல்லத் திறங்கள். சுற்று கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றால் முதல் வகை. இறங்கிக்கொண்டே போய் எஞ்சின் திணறினால் இரண்டாவது வகை. அதற்கு, வெளியே பெல்ட்டில் ஓடும் தனிக் கவர்னர் ஒன்றைப் பொருத்தித்தான் ஆக வேண்டும்.

லீவரைப் பிடிக்க கேபிள் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் உறைக்குள் துரு ஏறி இறுகிவிடும். மரையிட்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரு பக்கமும் லாக் நட்: அரைத் திருகு திருகினால் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் அசைவது தெரியும். ரிட்டர்ன் ஸ்பிரிங் சுற்றைக் குறைக்கும் பக்கம் இழுக்க வேண்டும். கம்பி கழன்றாலும் எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிடும். சுற்று ஏறி இறங்கி ஊசலாடினால், முதலில் மூட்டுகளின் ஆட்டத்தையும் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

3. குளிர்வித்தல்

ஓடாத காருக்கு எதிர்காற்று கிடையாது. பெரிய ரேடியேட்டரும் எஞ்சினோடு சுற்றும் விசிறியும் வேண்டும். கடல்நீரையோ உவர்க்கிணற்று நீரையோ ஊற்றாதீர்கள். உள்ளே உப்புப் படிவு ஏறிவிடும். கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர் மட்டும். ரேடியேட்டரின் வெளிப்புறத்தையும் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

4. தானே நிற்க ஏற்பாடு

ஆயில் அழுத்த ஸ்விட்சையும் வெப்ப ஸ்விட்சையும் டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும், டீசல் பம்பின் ஸ்டாப் சொலினாய்டோடு இணையுங்கள். ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில் எஞ்சினைக் காப்பாற்றுவது இதுதான். புகைக்குழாய் கொட்டகைக்கு வெளியே போகட்டும்.

பின்சேர்க்கை: தொண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர், இதே எஞ்சினில் ஜெனரேட்டர் ஓட்டினால் விளக்கு மங்குகிறது என்று எழுதியிருந்தார். 50 ஹெர்ட்ஸுக்கு நான்கு துருவ ஆல்டர்னேட்டர் (ஜெனரேட்டரில் மின்சாரம் தரும் பகுதி) 1500 சுற்றில் ஓட வேண்டும். சுமையில்லாதபோது 1560-இல் வையுங்கள். முழுச் சுமையில் 1500-க்கு அருகே வந்து நிற்கும். அதற்கும் கீழே போனால் டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.