ஆய்வு எந்த ஊர்க் கணக்கு? எண்ணும்போது செய்யக்கூடாத தவறுகள்

“செட்டிநாட்டுப் பொருளாதாரம் பற்றி ஆய்வுகள் குறைவு.” காரைக்குடிப் பக்கம் பொருளியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்த பிள்ளைகளின் வரைவுகளில் இந்த வரி அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் ஆய்வுகளைத் தேடி எண்ணிய விதத்தில்தான் குறை. ‘செட்டிநாடு’ என்று மட்டும் தேடியிருப்பார்கள். நகரத்தார், நாட்டுக்கோட்டைச் செட்டியார், செட்டி என எல்லாப் பெயர்களையும் போட வேண்டும். அவர்கள் வட்டித் தொழில் செய்த பர்மாவின் ஆவணங்களில் ‘செட்டியார்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ’க்குப் பதில் ‘ஒய்’ போட்டு எழுதியிருப்பார்கள். அதை விட்டுவிட்டால் 1929-30 பர்மா வங்கி விசாரணைக் குழுவை ஒட்டி எழுதப்பட்ட பலவும் கண்ணில் படாது.

அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓர் ஆய்வுக்கு மூன்று ஊர் உண்டு: எதைப் பற்றியது, எழுதியவர் எங்கே வேலை பார்க்கிறார், இதழ் எங்கிருந்து வருகிறது. இது நம் ஊருக்குப் புதிதில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் முதலாளி வீடு தேவகோட்டையில், கடை பர்மாவில், கடன் வாங்கியவர் ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயி. பேரேட்டில் இவற்றை யாரும் ஒன்றாகக் குழப்பியதில்லை. பர்மாச் செட்டியார்களைப் பற்றி விரிவாக எழுதிய ஷான் டர்னல் சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பணியிடத்தை மட்டும் எண்ணினால் அது ஆஸ்திரேலியக் கணக்கில் போய்விடும். பதிப்பகத்தை வைத்து எண்ணுவதும் இப்படித்தான். ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழைத் தொகுப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு, வெளியிடுவது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம். அட்டவணையில் மூன்று பத்தி போடுங்கள், சிக்கல் தீரும்.

தலைப்பில் நாட்டின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எண்ணவும் கூடாது. அமெரிக்கத் தரவை வைத்து எழுதிய கட்டுரைகள் பலவற்றின் தலைப்பில் நாட்டின் பெயரே இருக்காது. இந்தியாவைப் பற்றியதென்றால் பெரும்பாலும் இருக்கும்.

சரி, எண்ணிக்கை கிடைத்த பிறகு? 1985 முதல் 2005 வரை வந்த 76,046 பொருளியல் கட்டுரைகளைப் பொருளியலாளர் ஜிஷ்ணு தாஸும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். பொருளியலில் முன்னணி எனக் கருதப்படும் ஐந்து இதழ்களில் அமெரிக்காவைப் பற்றி 2,383, இந்தியாவைப் பற்றி 39. இதைப் பார்த்து “நம் ஆய்வுகள் தரமில்லை” என்று எழுதிவிடாதீர்கள். ஆய்வுத் தரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், அமெரிக்காவைப் பற்றிய கட்டுரைகளுக்கே அந்த ஐந்தில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்ட முடிவு. நாட்டின் தனிநபர் வருமானம் கூடக்கூட, மக்கள்தொகைக்கு ஏற்ற ஆய்வு எண்ணிக்கையும் கூடுகிறது என்பது இன்னொன்று. இந்த எண்கள் அளப்பது நம் மூளையை அல்ல.

அந்தத் தாழ்வு மனப்பான்மைதான் பிள்ளைகளைப் பணம் வாங்கிப் போடும் இதழ்களிடம் தள்ளுகிறது. பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருந்தால் போதாது, ஆசிரியர் குழுவில் உள்ளவர்களை விசாரியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களைச் சொன்ன யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது, ஆகவே சரிபார்ப்பது நம் வேலை. மும்பையிலிருந்து வரும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ போன்றவற்றை முதலில் படியுங்கள்.

அப்புறம், தமிழில் இருப்பதை எண்ணாமல் விடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’யை வெளியிடுவதும் அதே சிகாகோதான். அந்த இதழில் தேடி முடித்த கையோடு, இந்த நூலகம் இருக்கும் தரமணிக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.