தோட்டத்து ரோட்டுக்கு மின்சார வேன்: முன்பணம் கட்டுவதற்கு முன்

"ஒரு சார்ஜில் 300 கிலோமீட்டர்" என்று விற்பனையாளர் நீட்டும் தாளை மடித்து வைத்துவிட்டு, இப்போது ஓடும் உங்கள் டீசல் வேன் ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இரண்டு வாரம் போதும். கிளம்பிய நேரம், மீட்டர் எண், ஏறியவர்கள் எத்தனை பேர், எஞ்சினை அணைக்காமல் எங்கே எவ்வளவு நேரம் நின்றது, இந்த நான்கையும் டிரைவர் எழுதட்டும். கடைசியானதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பள்ளி வாசலில் வெயிலில் முக்கால் மணி நேரம் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு நின்றால், முன்னும் பின்னும் ஏர்கோன் ஊதும் மின்சார வேன் ஒன்றரை யூனிட் (கிலோவாட்-மணி, kWh) வரை குடித்துவிடும். ஆறு கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய மின்சாரம் அது.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வேன் தொழில் இரண்டு வகை. தோட்டத்துப் பிள்ளைகளையும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பிள்ளைகளையும் ஏற்றும் பள்ளி வேன், காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை சும்மா நிற்கும்; இரவு முழுக்கவும் நிற்கும். ஈப்போ பக்கத் தொழிற்சாலைகளுக்கு மூன்று ஷிப்ட் ஆள் ஏற்றும் வேனுக்குத் தூக்கமே கிடையாது. முதலில் பள்ளி வேனை மாற்றுங்கள். ஷிப்ட் வேன் அதிகம் ஓடுகிறது, அதனால் மிச்சமும் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கிற வண்டிக்கு வேகச் சார்ஜர் வேண்டும். வண்டி நிறுத்தும் சின்ன யார்டுக்கு அது கட்டுப்படியாகாது. 44 இருக்கைப் பேருந்து வேறு கணக்கு. கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் அளவில் குடிக்கும் வண்டி அது, இங்கே வேண்டாம்.

பேட்டரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நோட்டில் ஆக அதிகமாக ஓடிய நாளை எடுங்கள், சராசரியை எடுக்காதீர்கள். அது 160 கிலோமீட்டர் என்று வைப்போம். ஆள் நிறைந்து ஏர்கோனும் ஓடினால் 100 கிலோமீட்டருக்கு 25 யூனிட், ஆக 40 யூனிட். 20 விழுக்காடு எப்போதும் கையிருப்பாக இருக்க வேண்டும். பேட்டரி தேய்ந்து 80 விழுக்காட்டுக்கு வந்த பிறகும் அதே ஓட்டம் ஓட வேண்டும். 40ஐ 0.8ஆல் வகுத்து, விடையை மறுபடியும் 0.8ஆல் வகுத்தால் 62.5 யூனிட். அதற்குக் குறைந்த பேட்டரியை மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தாளில் இருக்கும் தூரம் சிஎல்டிசி (சீனச் சோதனை) அல்லது என்இடிசி (பழைய ஐரோப்பியச் சோதனை) எண்ணாக இருந்தால் ரோட்டில் அது வராது. நிஜ ஓட்டத்துக்கு இன்னும் நெருக்கமான டபிள்யூஎல்டிபி சோதனை எண்ணைக் கேளுங்கள். அதுவும் ஆளில்லாத வண்டிக்கு நெருக்கமான எண்தான்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) என்று இரண்டு வகை பேட்டரி வரும். தினமும் சார்ஜ் ஏற்றும் வேனுக்கு எல்எஃப்பி நல்லது. எடை கூடுதல், ஆனால் அதிகத் தடவை தாங்கும். ஒரு தொல்லை உண்டு: வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால் மீட்டர் காட்டும் விழுக்காடு மெல்ல மெல்லப் பிசகும். வாரத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றாவிட்டால், 18 விழுக்காடு என்று காட்டிக்கொண்டே நடுரோட்டில் நிறுத்திவிடலாம். எந்த வகையானாலும் திரவத்தால் குளிரூட்டும் பேட்டரிதானா என்று கேளுங்கள். நம் வெயிலுக்குக் காற்றை மட்டும் நம்பும் பேட்டரி சீக்கிரம் கிழடாகும்.

அடுத்து யார்டு. பலரும் வண்டியை வாங்கிய பிறகுதான் இங்கே வருவார்கள். சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் கிடைப்பது 2.3 கிலோவாட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 40 யூனிட்டுக்கு 44 தேவை. 19 மணி நேரம் ஆகும். அந்த சாக்கெட் மணிக்கணக்கில் முழுச் சுமை தாங்கச் செய்ததும் அல்ல. அரை மணி கழித்துப் புறங்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுட்டால், அல்லது ஓட்டையைச் சுற்றித் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறியிருந்தால், உள்ளே இறுக்கம் போய்விட்டது என்று பொருள். அடுத்து உருகும்.

7 கிலோவாட் சுவர்ப் பெட்டி 32 ஆம்பியர் கேட்கும். இரவு பத்துக்குச் செருகினால் ஆறரை மணி நேரத்தில் வேலை முடியும். ஒரே ஃபேஸ், 63 ஆம்பியர் மெயின் உள்ள கடைவீட்டில் ஒரு பெட்டி தாங்கும். இரண்டு பெட்டியே 64 ஆம்பியர் ஆகிவிடும், விளக்கும் ஏர்கோனும் தனி. மூன்று வேன் என்றால் மூன்று ஃபேஸுக்கு மின்சார நிறுவனமான தெனாகாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். வேலையைச் சான்றிதழ் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். தரையில் அடிக்கும் எர்த் கம்பியின் ஓம் அளவை அவர் அளந்து எழுதிக் கொடுக்கட்டும். மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் ஆர்சிடி சுவிட்ச் 'பி' வகையாக இருக்கட்டும், அல்லது 6 மில்லி ஆம்பியர் டிசி (நேர்மின்) கசிவைக் கண்டுபிடிக்கும் பெட்டியோடு 'ஏ' வகையாக இருக்கட்டும். வீட்டில் கிடக்கும் பழைய வகை, டிசி கசிவு வந்தால் கண்கட்டிக்கொள்ளும். ஆள் மீது மின்சாரம் பாய்ந்தாலும் விழாமல் போகலாம்.

பணக் கணக்கில் ஏமாறாதீர்கள். யூனிட் 50 காசு என்றால் 44 யூனிட்டுக்கு 22 வெள்ளி (ரிங்கிட்). அதே 160 கிலோமீட்டருக்கு டீசல் வேன் 16 லிட்டர் குடிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 3.35 வெள்ளி ஆனது. அரசு மானிய ஃபிளீட் கார்டு வைத்திருந்த பள்ளிப் பேருந்துகளுக்கோ 1.88. முதல் விலையில் 53.60 வெள்ளி, இரண்டாவதில் 30 வெள்ளி. ஒருவருக்கு நாளுக்கு 31 வெள்ளி மிச்சம், இன்னொருவருக்கு வெறும் எட்டு. விற்பனையாளர் எப்போதும் முதல் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவார். உங்கள் பம்ப் ரசீதை வைத்து நீங்களே போடுங்கள். 2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டண முறையில், நேரத்துக்கு நேரம் விலை மாறும் நேரக் கட்டணத்துக்குப் பதிந்தால் வார நாளில் பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரைதான் உச்ச விலை. டைமரைப் பத்துக்கு மேல் வையுங்கள்.

உத்தரவாதத் தாளில் 'எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர்' என்று இருந்தால் அந்த 'அல்லது' மீது விரலை வையுங்கள். நாளுக்கு 160, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 48,000; மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். வங்கிக் கடன் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். வாடகைக்கு ஆள் ஏற்றினால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சரக்கு வேனை வாங்கிச் சீட் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். பயணி வண்டியாக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அங்கீகரித்த மாடலா, அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) உரிமத்தில் ஏறுமா என்று முதலில் பாருங்கள். பிறகு வேனை ஆள் நிரப்பி, செம்மண் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். பேட்டரிப் பெட்டியின் ஆகத் தாழ்ந்த போல்ட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அப்போதுதான் அளக்க வேண்டும். ஷோரூமில் காலி வண்டிக்குச் சொன்ன உயரத்தில், 14 பேர் உட்கார்ந்ததும் சில சென்டிமீட்டர் போய்விடும். தோட்ட வாசல் மேட்டில் உரசினால் அடித்தகடு நெளியும், முழுப் பேட்டரியையே மாற்ற வேண்டி வரலாம்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு வண்டியைப் பாதிச் சார்ஜில், நிழலில் விடுங்கள். பெரிய பேட்டரி சும்மா கிடக்கும். சாகக்கூடியது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது போய்விட்டால் 60 யூனிட் நிறைந்திருந்தாலும் வண்டி கண் திறக்காது. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஆன் பண்ணி வையுங்கள். அப்படியும் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், மோட்டாரோடு இணைந்த சக்கரம் உருண்டால் மோட்டார் கெடும். தட்டு லாரியைக் கூப்பிடுங்கள்.