நெருக்கடியில் மருத்துவப் பணியாளர்களை வழிநடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணர்வு நுண்ணறிவு, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடந்துகொள்ளும் திறன், என்றதும் இனிக்கப் பேசுவதும் தோளில் தட்டிக்கொடுப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. தொற்று அலையிலோ பெருவிபத்திலோ வார்டு நிரம்பி வழியும்போது பொறுப்பாளரிடம் எதிர்பார்ப்பது அதுவல்ல. பணியாளரின் பயத்தையும் கோபத்தையும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணமானதைச் சரிசெய்ய வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, கேள்விக்குப் பாராட்டைப் பதிலாகத் தருவது. “இந்த மாஸ்க்கை இன்னும் எத்தனை ஷிப்டு போடணும்?” என்று நர்ஸ் கேட்கிறார். “நீங்கள்தான் கண்கண்ட தெய்வங்கள்” என்கிறார் தலைவர். கேட்டவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். 2020-இல் கொரோனாவின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டாக்டர்கள், நர்ஸ்களிடம் அவர்களின் கவலைகளைக் கேட்டுத் தொகுத்தார்கள். கவச உடை கிடைக்குமா, வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவேனா, பரிசோதனை உடனே நடக்குமா, எனக்கு நோய் வந்தால் நிர்வாகம் கவனிக்குமா, பிள்ளைகளை யார் பார்ப்பது, பழக்கமில்லாத பிரிவில் போட்டால் என்ன செய்வேன் என்பவை அதில் முக்கியமானவை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஓர் ஆளும் ஒரு தேதியும் வேண்டும். கைதட்டல் அதற்குப் பிறகு வரட்டும்.

“எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்று மூடி மறைப்பதும் பலிக்காது. காலி அலமாரியை முதலில் பார்ப்பவர்களே பணியாளர்கள்தான். ஷிப்டு தொடங்கும்போது நின்றபடியே பத்து நிமிடம் பேசினால் போதும்: தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. சொன்ன மணிக்கு, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், வந்து அதையே சொல்ல வேண்டும். நேற்றைய உத்தரவை இன்று மாற்றினால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நேற்றுச் சொன்னது பொய் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ரவுண்ட்ஸ் போகிற போக்கில் நாலு பேர் முன்னால் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன் சார்” என்பதைத் தவிர வேறென்ன வரும்? தனியாகக் கூப்பிட்டு, “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?”, “நேத்து ஷிப்டுல எது மனசைவிட்டுப் போகலை?” என்று குறிப்பாகக் கேளுங்கள். கேட்டதற்கு மறுநாளைக்குள் பதில் போக வேண்டும், ‘முடியாது’ என்ற பதிலானாலும். சின்ன விஷயத்துக்குச் சண்டை போடுகிறவர் எல்லோர் கண்ணிலும் படுவார். திடீரென்று அமைதியாகிவிட்டவரும், எந்தக் கூடுதல் டியூட்டியையும் மறுக்காதவரும்தான் கண்ணில் படாமல் போய்விடுவார்கள்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடினமான மரணத்துக்குப் பிறகு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, மனதில் இருப்பதைக் கொட்டச் சொல்வது. இப்படி ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது பிற்காலத்து மன அதிர்ச்சிப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்கு அதைக் கூட்டவும் செய்யலாம் என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டியதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதன் 2011-ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்று: பார், கேள், இணை. யாருக்குக் கை நடுங்குகிறது, யார் காலியான கட்டிலருகே நின்றுகொண்டே இருக்கிறார் என்று பாருங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் தோண்டாதீர்கள். சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன், தேவையானால் மனநல ஆலோசகர் என எது வேண்டுமோ அதனோடு இணைத்துவிடுங்கள். எந்தக் கருவி வேலை செய்யவில்லை, மருந்து ஏன் தாமதமானது என்று பார்க்கும் ஐந்து நிமிட மருத்துவ ஆய்வு வேறு. அது நடக்கத்தான் வேண்டும். இரண்டையும் கலந்தால் அழுகிறவர் விசாரணையில் நிற்பதுபோல் உணர்வார்.

எல்லாவற்றையும் ‘களைப்பு’ என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. ஒரே ஒரு வெண்டிலேட்டர் இருந்து, இரண்டு பேருக்குத் தேவைப்பட்டால், யாருக்கு என்று முடிவெடுத்தவரின் வேதனை இரண்டு நாள் லீவில் தீராது. சரியென்று நம்புவதைச் செய்ய முடியாமல் போவதால் வரும் அறச் சங்கடம் அது. அந்த முடிவைப் படுக்கையருகே நிற்பவர் தலையில் கட்டாமல் மூத்த டாக்டர்கள் கொண்ட தனிக் குழு எடுக்கட்டும். யார் முடிவு, என்ன அடிப்படை என்பது எழுத்தில் இருக்கட்டும்.

துப்புரவுப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், ஆம்புலன்ஸ் டிரைவர், பிணவறை ஊழியர் ஆகியோரை இந்தக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதே இல்லை. தொற்று அவர்களையும் விடுவதில்லை.

தூங்காத தலைவருக்குப் பிறர் முகம் படிக்கும் திறன் மங்கும். அவர் லீவு எடுக்காத வார்டில் மற்றவர்களும் கேட்கத் தயங்குவார்கள். பணிப்பட்டியலில் உங்கள் ஓய்வு நாளையும் எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள்.

அலை ஓய்ந்ததும் ஆதரவை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. ஓட்டம் நின்ற பிறகுதான் பலருக்குத் தூக்கம் கெடுகிறது, ராஜினாமாக் கடிதமும் அப்போதுதான் வருகிறது. தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சைகளுக்குத் தேதி குறிக்கும் முன், தள்ளிப்போட்ட விடுப்புகளுக்குத் தேதி குறியுங்கள்.