அலாஸ்காவில் பதினாறு நாள்: கோடைக்காலச் சாலைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

அலாஸ்காவுக்குச் செல்ல விரும்புபவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு தொடங்குகிறார்கள். அங்கிருந்துதான் பயணம் கோணலாகிறது. ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, இந்தியாவில் பாதிக்கும் சற்று மேலான அந்த மாநிலத்தில் நெடுஞ்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. ஆகவே அங்கே ஒரு பயணத்தின் வடிவத்தை முடிவு செய்வது நம் விருப்பப் பட்டியல் அல்ல. கார் ஏறும் ஃபெர்ரியின் கால அட்டவணை, தேசியப் பூங்காவின் பேருந்து இருக்கை, சரளைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றையும் முதலில் கட்டிப் போட்டுவிட்டு, மீதி நாட்களில் கணிசமானவற்றை வெறுமையாக விடுபவருக்கே அந்த நிலம் தன்னைக் காட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து.

காலத்தைப் பொறுத்தவரை, மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரைதான் எல்லாச் சேவைகளும் இயங்கும். முதல்முறை செல்பவர்களுக்கு நான் ஜூன் முதல் மூன்று வாரங்களைப் பரிந்துரைப்பேன். மாநிலத்தின் மிகப் பெரிய நகரான ஆங்கரேஜில் அப்போது பகல் ஏறத்தாழ 19 மணி நேரம் நீள்கிறது. தென்பகுதியில் ஆகஸ்டைவிட மழை குறைவு. கொசுக்கள் தங்கள் உச்சத்தை இன்னும் எட்டியிருக்காது. ஆகஸ்டு கடைசி வாரத்துக்கும் தனி அழகு உண்டு. கொசு ஓய்ந்திருக்கும், துந்திரா முழுவதும் செம்மை படர்ந்திருக்கும், இரவு மீண்டும் இருள்வதால் துருவ ஒளியைக் காணும் வாய்ப்பும் கிடைக்கும். ஆனால் மழைக்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். ஜூலையில் கூட்டமும் வாடகையும் கொசுவும் ஒருசேர உச்சத்தில் இருக்கும்.

நீண்ட பகலில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். உடல் களைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. மாலை ஏழு மணிக்கு மேல் காரை எடுப்பதில்லை என்ற விதியைப் புறப்படும் முன்பே வகுத்துக்கொள்வது நல்லது. தூக்கத்துக்குக் கண்மூடித் துணி ஒன்றும் வேண்டும்.

வழித்தடம்

நான் சொல்லும் வழி ஆங்கரேஜில் தொடங்கி ஆங்கரேஜிலேயே முடிகிறது. ஆங்கரேஜிலிருந்து விட்டியர், அங்கிருந்து ஃபெர்ரியில் வால்டீஸ், பிறகு மெக்கார்த்தி, டாங்கிள் ஏரிகள், டெனாலி, டால்கீட்னா, கடைசியாகச் சீவார்டு. மொத்தத்தில் ஏழு நிறுத்தங்கள், பதினாறு நாட்கள். வட துருவ வட்டத்தைத் தாண்டும் டால்டன் நெடுஞ்சாலையை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எண்ணெய்க் குழாய்ப் பணிக்காக 1974இல் போடப்பட்ட அந்த 666 கிலோமீட்டர்ச் சாலையில் கோல்ட்ஃபுட்டுக்கும் டெட்ஹார்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 386 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையமே இல்லை. அதற்குத் தனி வண்டியும் தனி ஒரு வாரமும் தேவை. பதினாறு நாளுக்குள் அதையும் திணிப்பவர் வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்ய மாட்டார்.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு நாள் ஆங்கரேஜில், உடல் நேர மாற்றத்துக்குப் பழகவும் பொருள் வாங்கவும். மூன்றாம் நாள் ஃபெர்ரியில் வால்டீஸ். நான்காம் நாள் அங்கேயே. ஐந்தாம் நாள் மெக்கார்த்தி, அங்கே மூன்று இரவுகள். எட்டாம் நாள் டாங்கிள் ஏரிகள், இரண்டு இரவுகள். பத்தாம் நாள் டெனாலி, மூன்று இரவுகள். பதின்மூன்றாம் நாள் டால்கீட்னா. பதினான்கு, பதினைந்தாம் இரவுகள் சீவார்டில். பதினாறாம் நாள் ஆங்கரேஜ் திரும்புதல். ஒரே நாளில் மிக அதிகமாக ஓட்டுவது டால்கீட்னாவிலிருந்து சீவார்டு வரையிலான சுமார் 390 கிலோமீட்டர்தான், அதுவும் நல்ல தார்ச்சாலை. ஏனைய நாட்களில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணியில் கணக்கிட வேண்டும். சரளைச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

முன்பதிவின் வரிசை

அமெரிக்க விசாவுக்கான நேர்காணல் தேதி கிடைக்கவே பல மாதங்கள் ஆகலாம் என்பதால் இந்தியாவிலிருந்து செல்பவர்கள் அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். சியாட்டிலிலிருந்து கனடா வழியாகக் காரிலேயே வடக்கு நோக்கிச் செல்ல நினைப்பவர்களுக்குக் கனடா விசாவும் கட்டாயம்.

அடுத்தது ஃபெர்ரி. 1963இல் தொடங்கப்பட்ட அலாஸ்கா மாநிலக் கடல்வழிச் சேவை விட்டியருக்கும் வால்டீஸுக்கும் இடையே எல்லா நாளும் ஓடுவதில்லை. காருக்கான இடமும் அளவானது. எனவே அந்தக் கோடைக்கான அட்டவணை வெளியானதும் ஃபெர்ரி நாளை உறுதி செய்து, மற்ற தேதிகளை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். மூன்றாவது டெனாலிப் பேருந்து. நான்காவது மெக்கார்த்தியில் தங்குமிடம், ஏனெனில் அங்கே அறைகள் மிகக் குறைவு. விமானச் சீட்டு இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, மலிவான விமானச் சீட்டுக்காக ஃபெர்ரியைத் தவறவிடுகிறார்கள்.

விட்டியர் நாளில் கடிகாரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தச் சிற்றூருக்குச் சாலைவழியாகச் செல்ல நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு சுரங்கப்பாதைதான் உண்டு. அதில் தடம் ஒன்றே, ரயிலும் காரும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. விட்டியரை நோக்கிச் செல்லும் வண்டிகளுக்கு வழக்கமாக மணிக்கு ஒருமுறை, அரைமணியில் வழி திறக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஃபெர்ரியில் கார் ஏற்றும் நேரம் கடந்துவிடும். ஆங்கரேஜிலிருந்து தூரம் சுமார் 97 கிலோமீட்டர்தான் என்றாலும், தேவைப்படும் திறப்புக்கு முந்தைய திறப்பைக் குறிவைத்துப் புறப்படுங்கள். ஃபெர்ரி ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்னும் கடற்கழியின் தீவுகளுக்கிடையே செல்கிறது. கீழே உட்காராமல் மேல்தளத்தில் நில்லுங்கள்; கடல்நீர்நாய்கள் மல்லாந்து மிதப்பதை அங்கிருந்து பார்க்கலாம்.

காரும் சரளையும்

வாடகைக் காரைப் பதியும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்: சரளைச் சாலையில் ஓட்டலாமா, எந்தெந்தச் சாலைகள் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கின்றன என்பது. விலக்கப்பட்ட சாலையில் வண்டிக்குச் சேதம் வந்தால் காப்பீடு செல்லாது. மெக்கார்த்திச் சாலை, டெனாலி நெடுஞ்சாலை ஆகிய இரண்டிலும் ஓட்டுவதற்கு எழுத்துமூலமாக அனுமதி தரும் நிறுவனங்கள் ஆங்கரேஜில் இருக்கின்றன. வாடகை கூடுதல்தான், ஆனால் இந்தப் பயணத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது. காரைப் பெறும்போது ஸ்டெப்னியைக் கீழே இறக்கச் சொல்லி, அது முழு அளவுச் சக்கரம்தானா, அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். சிட்டினாவிலிருந்து மெக்கார்த்திக்குச் செல்லும் 96 கிலோமீட்டர்ச் சாலை, பழைய செம்புச் சுரங்க ரயில்பாதையின் மேலேயே போடப்பட்டது. மழைக்குப் பிறகு சரளையிலிருந்து இன்றும் தண்டவாள ஆணிகள் தலைகாட்டுவதுண்டு. என் முதல் பயணத்தில் பின்சக்கரம் மெல்ல இறங்குவதை உணர்ந்து நிறுத்தியபோது, துருவேறிய கட்டை ஆணி ஒன்று, ஏறத்தாழ என் நடுவிரல் நீளத்துக்கு, டயரில் சாய்வாகச் செருகியிருந்தது. எனக்குத் தந்திருந்த ஸ்டெப்னியோ மெலிந்த தற்காலிகச் சக்கரம். அதை மாட்டிக்கொண்டு மணிக்கு 25 கிலோமீட்டரில் ஊர்ந்தேன். ஆணியைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, கையடக்கக் காற்றுப் பம்பால் நிரப்பிக்கொண்டே சென்றிருக்கலாம் என்று பிறகுதான் அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அந்தப் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொட்டலமும் ஆங்கரேஜ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

அந்தச் சாலை கென்னிகாட் ஆற்றங்கரையில் முடிந்துவிடும். காரை அங்கே விட்டு, நடைபாலத்தில் பைகளோடு ஆற்றைக் கடந்து, அப்பால் வரும் வேனில் ஏற வேண்டும். ஆகவே பெட்டிகளுக்குப் பதிலாக முதுகுப்பை வைத்திருங்கள். அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டரில், 1938இல் கைவிடப்பட்ட கென்னகாட் செம்பு ஆலை பதினான்கு அடுக்குச் சிவப்பு மரக் கட்டடமாக மலைச்சரிவில் நிற்கிறது. அதைச் சூழ்ந்துள்ள ராங்கல்–செயின்ட் எலியாஸ் அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. ரூட் பனியாற்றின் மேல் நடக்க ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டையும் வழிகாட்டியும் இல்லாமல் பனிமேல் ஏற வேண்டாம். இன்னொரு நாள் வெறுமையாக இருக்கட்டும், ஏனெனில் மழை வந்தால் அந்த நாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

டெனாலி

பாக்ஸனிலிருந்து கேன்ட்வெல் வரை 217 கிலோமீட்டர் நீளும் டெனாலி நெடுஞ்சாலை 1957இல் திறக்கப்பட்டது; பிற்பாடு வேறு நெடுஞ்சாலை வரும்வரை பூங்காவுக்கு இதுவே ஒரே சாலைவழியாக இருந்தது. பாக்ஸன் பக்கமிருந்து டாங்கிள் ஏரிகள் வரை தார் போட்டிருக்கிறது, பிறகு ஏறக்குறைய முழுவதும் சரளை. பெட்ரோலை முன்னரே நிரப்பிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த நாள் இதுதான்: மரமற்ற மேட்டுநிலம், வடக்கே நெடுகிலும் பனிமலைத் தொடர், மணிக்கணக்கில் எதிரே ஒரு வண்டியும் வராத அமைதி.

பூங்காவுக்குள் 148 கிலோமீட்டர்ச் சாலை ஒன்று இருந்தாலும், கோடையில் சொந்தக் காரை முதல் 24 கிலோமீட்டர் வரை மட்டுமே ஓட்ட முடியும், அதற்கப்பால் பேருந்துதான். நிரந்தர உறைமண் இளகியதால் பிரிட்டி ராக்ஸ் என்னுமிடத்தில் சாலை சரிந்து, 2021 ஆகஸ்டிலிருந்து பாதிவழியில் மூடப்பட்டது. 43ஆம் மைலோடு (சுமார் 69 கிலோமீட்டர்) பேருந்துகள் திரும்பின. அங்கே பாலம் கட்டும் பணி தொடங்கியது. நீங்கள் செல்லும் ஆண்டில் பேருந்து எதுவரை போகிறது என்பதைப் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பில் பார்த்து, அதற்கேற்பச் சீட்டு வாங்குங்கள். விளக்கவுரையுடன் கூடிய சுற்றுலாப் பேருந்தைவிட, நினைத்த இடத்தில் இறங்கி நடந்து, இடமிருந்தால் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளும் சாதாரணப் பேருந்தே என் தேர்வு.

6,190 மீட்டர் உயரமுள்ள டெனாலிச் சிகரம் தன் மேகங்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பூங்காவுக்கு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே அது தெரிகிறது. மூன்று இரவுகள் ஒதுக்கச் சொன்னதன் காரணம் இதுவே. மலையின் பெயரை 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு மெக்கின்லி என்று மீண்டும் மாற்றினாலும், அப்பகுதிப் பழங்குடிகளின் கோயுகான் மொழியில் ‘உயர்ந்தது’ என்று பொருள்படும் டெனாலி என்ற பெயரைத்தான் அங்கே பெரும்பாலும் கேட்பீர்கள்.

கரடி, கொசு, ஆறு

கரடியிடமிருந்து குறைந்தது 275 மீட்டரும், மூஸ் என்னும் பெரிய மான் வகையிடமிருந்து 23 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது டெனாலிப் பூங்காவின் விதி. புதர் அடர்ந்த வழியில் உரக்கப் பேசிக்கொண்டே நடங்கள். எதிர்பாராமல் அருகில் மனிதரைக் காணும் கரடிதான் பாயும். கண்டால் ஓடாதீர்கள். கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில், சரக்குப் பெட்டியில்கூட, கொண்டுசெல்ல முடியாது. அடுப்புக்கான கேஸ் குப்பிக்கும் அப்படியே. இரண்டையும் ஆங்கரேஜில் வாங்குங்கள்.

நம் சமையல் பொருட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெருங்காயம், பருப்புப்பொடி, ஊறுகாய் ஆகியவற்றின் வாசம் நமக்குப் பழகிப்போனது. கரடிக்கோ அது நெடுந்தொலைவிலிருந்தே அழைப்பு. கூடாரத்துக்குள் பற்பசையைக்கூட வைக்கக் கூடாது என்னும்போது புளிக்காய்ச்சலுக்கு இடமே இல்லை. கரடி திறக்க முடியாத உருளைப் பெட்டியிலோ, முகாம்களில் உள்ள இரும்புப் பெட்டியிலோ எல்லாவற்றையும் பூட்டி, சமையலைக் கூடாரத்திலிருந்து நூறு தப்படி தள்ளியே செய்யுங்கள். அரிசியை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். சைவ உணவுக்காரர்கள் முதல் இரண்டு நாளிலேயே ஆங்கரேஜில் பத்து நாள் மளிகையை வாங்கிவிடுவது நல்லது. மெக்கார்த்தியிலும் டாங்கிள் ஏரிகளிலும் கிடைப்பது மிகச் சொற்பம்.

கொசுவுக்கு டீட் என்னும் பூச்சிவிரட்டி கலந்த களிம்பும், தலையை மூடும் வலைத்தொப்பியும். பனியாற்று நீரோடைகளைக் கடக்க வேண்டியிருந்தால் அதிகாலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை முழங்காலிலிருந்து இடுப்புக்கு உயர்ந்திருக்கும். கைபேசிச் சமிக்ஞை ஊர்களை விட்டால் கிடைக்காது, ஆகவே வரைபடங்களை முன்னரே இறக்கிக்கொண்டு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

சீவார்டில் ஒரு நாள் கீனாய் ஃபியார்டுகள் என்னும், மலைகளுக்கிடையே புகுந்த கடல் இடுக்குகளுக்குப் படகில் செல்லுங்கள். அலை புரட்டும், மாத்திரையை முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். படகு போகாத மாலையில் எக்ஸிட் பனியாற்றுக்கு நடக்கலாம். வழியோரத்தில் 1926, 1951 என்று ஆண்டுகள் எழுதிய பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அந்த ஆண்டில் பனியாறு எட்டியிருந்த இடம். 2010 என்ற பலகையருகே நின்றாலும் பனி இன்னும் மேலே, தொலைவில்தான் இருக்கிறது.

ஆங்கரேஜ் திரும்பியதும் மீந்த மிளகாய்த் தெளிப்பானையும் கேஸ் குப்பியையும் குப்பையில் போடாமல் தங்குமிடத்தில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குத்தான் வந்திறங்கிய யாரேனும் ஒருவர் அவற்றை வாங்கக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.