ரோஜாச் செடிகளைப் பூச்சிகளிடமிருந்து காப்பது எப்படி?

மொட்டு விரியாமல் கருகுவதையோ துளிர் சுருள்வதையோ கண்டவுடன், மருந்துக் கடைக்குப் போய் 'ரோஜாவுக்கு மருந்து' என்று கேட்டு வாங்கி வந்து தெளிப்பதே பலருடைய வழக்கமாக இருக்கிறது. ஆனால் சாறு உறிஞ்சும் பூச்சிக்குக் கேட்கும் மருந்து மொட்டைத் துளைக்கும் புழுவுக்குக் கேட்காது. சில மருந்துகள் ஒன்றைக் கொன்று மற்றொன்றைப் பெருக்கியும் விடும். ஆகவே, வந்திருப்பது எந்தப் பூச்சி என்று கண்டறிவதே முதல் வேலை. இங்கே கூறப்படுபவை தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் தரையிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் ரோஜாக்களுக்குப் பொருந்தும்.

வாரத்தில் இரண்டு நாள், காலை வெளிச்சத்தில், ஒவ்வொரு செடியிலும் நுனித் துளிரையும் மொட்டின் காம்பையும் இலைகளின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். அடிப்புறத்தைப் பார்க்காமல் மேலே மட்டும் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் துளிருக்குக் கீழே பிடித்துக்கொண்டு கிளையை இரண்டு மூன்று முறை தட்டினால், கண்ணுக்குத் தப்பியவை தாளில் விழும். மெலிந்து நீண்ட, மஞ்சள் அல்லது பழுப்பு நிறப் பூச்சிகள் விரைந்து ஓடினால் அவை இலைப்பேன்கள். புள்ளி போன்றவை மெதுவாக நகர்ந்து, விரலால் தேய்க்கும்போது செங்கோடு விழுந்தால் அவை செஞ்சிலந்திப் பேன்கள்.

நம் ஊர் ரோஜாவுக்கு மிகுந்த தொல்லை தருவது இலைப்பேன்தான். இது இளந்திசுக்களைச் சுரண்டிச் சாற்றைக் குடிப்பதால் துளிர் இலைகள் கோணி, ஓரம் சுருண்டு, அடிப்புறம் பழுப்பேறும். மொட்டின் இதழ் விளிம்புகள் தீய்ந்து, பூ அரைகுறையாக விரிந்து நின்றுவிடும். இலைத் திசுவுக்குள்ளேயே முட்டையிடுவதாலும், கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணிலோ சருகிலோ கழிப்பதாலும், ஒரு முறை மருந்து தெளித்தால் அப்போது வெளியில் இருப்பவை மட்டுமே சாகும். ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்து சேரும். எனவே மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதால் பயனில்லை. பின்னால் கூறப்படும் வேப்ப எண்ணெய் போன்றவற்றின் மிதமான கரைசலை ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிப்பதே பயன் தரும். அதோடு, தாக்குண்ட மொட்டுகளைப் பறித்து, வாய் கட்டிய பையில் போட்டு அப்புறப்படுத்த வேண்டும். தொட்டி மண்ணின் மேலே கிடக்கும் சருகையும் உதிர்ந்த இதழ்களையும் அள்ளிவிட்டு மேல்மண்ணைக் கிளறிவிட வேண்டும். நீல நிற ஒட்டுப்பொறி ஒன்றைச் செடியின் உயரத்திற்குக் கட்டி வைத்தால், பூச்சி கூடுகிறதா குறைகிறதா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். துளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிக்கும், வெள்ளை ஈக்கும் மஞ்சள் நிறப் பொறி ஏற்றது.

செஞ்சிலந்திப் பேன் பூச்சியினத்தைச் சேர்ந்தது அன்று. ஆகவே பூச்சிகளுக்கான மருந்துகள் பலவும் அதற்குக் கேட்பதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் காற்று உலர்ந்திருக்கும்போது இது பெருகும். இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் தோன்றி, பிறகு மெல்லிய நூலாம்படை படரும். இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே இதற்கு நல்ல தொடக்கம். தண்ணீரைக் காலையிலேயே அடித்துவிட வேண்டும். மாலையில் நனைத்தால் இரவு முழுதும் ஈரம் நின்று கரும்புள்ளி நோய்க்கு வழிவிடும். அப்படியும் அடங்காவிட்டால், நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கக்கூடிய கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். ஆனால் கடும் வெப்பம் நிலவும் நாட்களிலும், எண்ணெய்க் கரைசல் தெளித்த இரண்டு வாரங்களுக்குள்ளும் அதைப் பயன்படுத்தினால் இலை கருகிவிடும்.

அசுவினி மென்மையான நுனிகளில் அடை அடையாக ஒட்டியிருக்கும். விரலால் வழித்தோ தண்ணீர் பீய்ச்சியோ அகற்றிவிடலாம். பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. அது திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உரத்தைக் கவனிக்க வேண்டும். கடலைப் புண்ணாக்குக் கரைசலையோ யூரியாவையோ அடிக்கடி ஊற்றினால் தழைச்சத்து மிகுந்து, சதைப்பற்றான துளிர்கள் எழும். அசுவினி தேடி வருவது அவற்றைத்தான்.

மாவுப்பூச்சி கணுக்களிலும் காம்பின் இடுக்குகளிலும் வெண்பஞ்சு போல் அடையும். இது கழிக்கும் இனிப்பு நீரை நாடி வரும் எறும்புகள், இதைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டி, செடிக்குச் செடி இதைப் பரப்பியும் விடுகின்றன. எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டியைத் தாங்கியின் மீது வைத்து, தாங்கியின் கால்களைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய சிறு கிண்ணங்களில் நிறுத்தலாம். வெறும் தண்ணீரானால் கொசு முட்டையிடும். கணுக்களில் இருப்பவற்றைப் பழைய பல்துலக்கியைச் சோப்புக் கரைசலில் தோய்த்துத் தேய்த்து எடுக்கலாம். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவும் அதே போன்ற வெண்மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டிருக்கும். அது மாவுப்பூச்சியைவிடப் பெரியதாகவும் சுறுசுறுப்பாக நடப்பதாகவும் இருப்பதை வைத்து இனங்கண்டு, அதை விட்டுவிட வேண்டும். மயிரிழை போன்ற காம்பின் நுனியில் நிற்கும் சிறு முட்டைகளைக் கண்டாலும் அழிக்கக் கூடாது. அவை அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள்.

முதிர்ந்த தண்டில் பொருக்குபோல் ஒட்டியிருக்கும் செதில்பூச்சியைத் தேய்த்து அகற்றி, மிகுதியாகப் பற்றிய கிளையை வெட்டி எரித்துவிடலாம். மொட்டில் துளையும் அருகே எச்சமும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்த மொட்டைக் கிள்ளி அழிப்பதே போதும். இரவில் இலையைத் தின்னும் வண்டுகளை, டார்ச் விளக்குடன் போய்ப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். இலையோரம் பிறை வடிவில் ஒழுங்காக நறுக்கப்பட்டிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது கூடு கட்டவே இலையை எடுத்துச் செல்கிறது. செடிக்குக் கேடில்லை என்பதால் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு வேப்ப எண்ணெய் நன்கு உதவும். ஆனால் கலக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் 2 மில்லி சோப்புத் திரவத்தைச் சிறிதளவு வெந்நீரில் கரைத்து, அதில் 5 மில்லி வேப்ப எண்ணெயை விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, பிறகே ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். எண்ணெய் தனியே மிதந்தால் அது படும் இடத்தில் இலை வெந்துவிடும். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பங்கொட்டையைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்பு சேர்த்துத் தெளிக்கலாம். நான் இதையே மேலானதாகக் கருதுகிறேன். எதுவானாலும் கலக்கிய அன்றே, மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். முதல் முறையானால் நாலைந்து இலைகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது.

இரசாயன மருந்தை இறுதி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். சைபர்மெத்ரின் போன்றவற்றைத் தொடர்ந்து அடித்தால் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பேன்கள் மாண்டு செஞ்சிலந்தி பெருகும். இமிடாகுளோபிரிட் தேனீக்களுக்குக் கொடியது. குல்கந்துக்காக வளர்க்கும் பன்னீர் ரோஜாவில் இவற்றை அறவே தெளிக்கக் கூடாது.

புதிதாக நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கும் செடியை இரண்டு வாரமாவது மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்தும்போது, காய்ந்த குச்சிகளையும் செதில் படிந்த தண்டுகளையும் நீக்கி, நடுவில் காற்றும் வெளிச்சமும் புகும்படி கிளைகளைத் திறந்துவிட்டு, வெட்டியவற்றைத் தொட்டியடியில் விடாமல் அன்றே அகற்றிவிட வேண்டும். அடுத்த சில வாரங்களில் கிளம்பும் புதுத் துளிரில்தான் அசுவினியும் இலைப்பேனும் முதலில் இறங்கும்; அந்நாட்களில் செடியைப் பார்வையிடுவதை வாரம் இரு முறை என்பதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மாற்றிக்கொள்ளவும்.