போஸ்டினோர் கேட்டு வந்தவரிடம் செய்யக் கூடாத தவறுகள்

பாமசி படித்துக்கொண்டே ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு, போஸ்டினோர் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை என்றால் லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்பது தெரியும். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்பதும் தெரியும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒரு பெண் வந்து, பக்கத்தில் நிற்பவர் போகும்வரை காத்திருந்து, மெல்லிய குரலில் "போஸ்டினோர் இருக்கா?" என்று கேட்டால், படித்ததில் பாதி மறந்துபோகும். அந்த இடத்தை ஊரில் கேட்ட கதைகள் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கதைகளில் பெரியது, இது கருவைக் கலைக்கிற மாத்திரை என்பது. லயத்தில் இருக்கும் பாட்டி அப்படிச் சொன்னால் பரவாயில்லை, பட்டம் படிக்கிறவரும் சொல்கிறார். உறவு நடந்த அன்றே கரு உண்டாகிவிடும் என்று கட்டாயமில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கோ ஆயுள் ஒரு நாள்தான். அதனால் பல நேரம் விந்தணு உள்ளே இருக்கும், முட்டை இன்னும் வெளிவந்திருக்காது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் அந்த முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹோர்மோன் ஏற ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பெரிதாகப் பலன் இருக்காது. கரு ஏற்கனவே தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது, கெடுதலும் பண்ணாது. கலைப்பதற்குப் பயன்படும் மிசோப்ரொஸ்டோல் முற்றிலும் வேறு மருந்து.

இதைக் குழப்பிக்கொள்வதால் வரும் பயமும் சும்மா இல்லை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே இங்கே கருக்கலைப்பு செய்யலாம். "நாளைக்கு பொலிஸ் வந்தா?" என்று பயிற்சிக்கு வந்தவர் யோசிப்பது அதனால்தான். அந்தச் சட்டத்துக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. டொக்டரின் துண்டு இல்லாமலே பாமசியில் கொடுக்கக்கூடிய மருந்து இது.

ஒரே குழப்பம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. நேற்று இரவு கொண்டம் கிழிந்துபோனது என்று வருபவருக்குப் பயந்து இல்லை என்கிறார்கள். மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போனவர் வந்து கேட்டால், காசை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாமவருக்கு வேண்டியது கர்ப்பப் பரிசோதனை, பிறகு கிளினிக். அவருக்குப் போஸ்டினோரை விற்பது, சரியாகிவிடும் என்று சொல்லி இன்னும் ஒரு மாதத்தை வீணாக்குவதுதான்.

நேரம் கேட்கும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. "எத்தனை நாளாச்சு?" என்றால் "மூணு நாள்" என்று வரும், நாமும் முடிந்தது என்று அனுப்பிவிடுவோம். வெள்ளி இரவு 10 மணிக்கு நடந்திருந்தால் திங்கள் இரவு 10 மணிக்குத்தான் 72 மணித்தியாலம். கிழமையையும் நேரத்தையும் கேட்டுக் கணக்குப் பாருங்கள். அதற்குப் பிறகும் கதவு மூடிவிடுவதில்லை. 120 மணித்தியாலம் வரை கொடுக்கலாம் என்றே உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, ஆனால் போகப் போகப் பலன் குறையும். அதே 5 நாளுக்குள், கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப் போட்டால், அது மாத்திரையைவிட நிச்சயமானது. மாத்திரைக்குப் பிந்தியவரை வெறுங்கையோடு அனுப்பாமல், லூப் போடும் கிளினிக் எங்கே, எந்தக் கிழமை என்று சொல்லி அனுப்புங்கள். தோட்டத்தில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். இரண்டு தடவை வந்து போக அவரால் முடியாது.

0.75 மில்லிகிராமில் இரண்டு மாத்திரை உள்ள பெட்டியாக இருந்தால், இரண்டையும் ஒன்றாகவே விழுங்கச் சொல்லலாம். 12 மணித்தியாலம் கழித்து இரண்டாவது என்றால், அவர் அப்போது கொழுந்து மலையில் கூடையோடு நிற்பார், மாத்திரை வீட்டில் இருக்கும்.

மலைநாட்டில் மறக்கக் கூடாத ஒன்று, பஸ். விழுங்கி 2 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பவும் ஒரு தடவை போட வேண்டும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் வளைவுகளில் வாந்தி எடுக்காதவர்தான் குறைவு! பஸ் ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாதவர், வீடு ஒரு மணித்தியாலத் தூரம் என்றால், போய்ச் சேர்ந்ததும் போடட்டும்.

வேறு மருந்து எடுக்கிறாரா என்று கேட்பவர் மிகக் குறைவு. காச நோய்க்கான ரிஃபம்பிசின், வலிப்புக்கான ஃபீனைட்டோயின், கார்பமசெப்பீன் போன்றவை லெவோநோர்ஜெஸ்ட்ரலை உடலில் வேகமாகக் கரைத்துவிடும். நிறுத்திய பிறகும் 4 வாரம் அந்தத் தாக்கம் இருக்கும். இவர்களுக்கு லூப்தான் நல்லது, முடியாவிட்டால் 3 மில்லிகிராம். உடல் எடை 70 கிலோவுக்கு மேலே போனவர்களுக்கும் சாதாரண அளவின் பலன் குறையலாம். பால் கொடுக்கும் தாய்க்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி மனசு சம்பந்தப்பட்டது. "கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்விக்கு மருந்துக் கணக்கில் இடமே இல்லை. கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்றவரும் மித்துரி கருத்தடை மாத்திரையை மறந்துவிட்டு வருவார், டிபோ கருத்தடை ஊசித் தேதியைத் தவறவிட்டு வருவார். இதைக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று சொல்பவர்கள், கேட்டு வந்தவருக்கு நடந்தது ஏற்கனவே நடந்துவிட்டது என்பதை யோசிப்பதில்லை. கேட்க வேண்டியது மூன்று: எப்போது நடந்தது, கடைசி மாதவிடாய் எப்போது, வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா. மத நம்பிக்கையால் தன் கையால் கொடுக்க மனம் வராதவர், அந்த நிமிடமே பக்கத்தில் இருக்கும் மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். "ஸ்டொக் இல்லை" என்று பொய் சொல்லக் கூடாது.

ஒரு கடையில் நான் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை, சந்தைக் கூட்டம். இருபது வயது இருக்கும் ஒரு பெண் கேட்டதும், பயிற்சிக்கு நின்ற தம்பி உள்ளே திரும்பி, "அண்ணே, போஸ்டினோர் எங்க வச்சிருக்கு?" என்று சத்தம் போட்டார். வரிசையில் நின்ற ஆறேழு பேரும் திரும்பினார்கள். அந்தப் பெண் "இல்லை, பனடோல் ஒரு கார்ட் போதும்" என்று சொல்லி, வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தம்பிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் டவுனுக்கு வரும் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், பக்கத்து டிவிசன்காரர் வரிசையில் நின்றால் அவள் வீடு சேர முன்னமே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக் காலையிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது பெரிய வேலையா?

விருப்பமில்லாமல் நடந்தது என்று தெரிந்தால் துருவித் துருவிக் கேட்காமல், மாத்திரையைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். மகளிர் உதவி இலக்கம் 1938. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சட்டப்படியே அது வேறு விசயம், 1929ஐ அழைக்க வேண்டும்.

கொடுத்த பிறகு வாயை மூடிக்கொள்வது கடைசித் தவறு. இந்த மாத்திரை நடந்துபோனதற்கு மட்டும்தான். முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, அதனால் அடுத்த வாரம் பாதுகாப்பில்லாமல் இருந்தால் கரு தங்கலாம். வழக்கமான கருத்தடை மாத்திரையை அன்றைக்கே தொடங்கலாம், முதல் 7 நாளுக்குக் கொண்டமும் வேண்டும். பிள்ளைப் பேறு கெட்டுவிடுமா என்று அவர் கேட்காவிட்டாலும் அந்தப் பயம் இருக்கும், இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மாதவிடாய் சில நாள் முந்தலாம், பிந்தலாம். ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால் காலைச் சிறுநீரில் பரிசோதனைப் பட்டியை வைத்துப் பார்க்க வேண்டும். பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.