கூரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்: நான்கு கதவு கூபே வரைபவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் கார் வரையும் பிள்ளைகள் கொஞ்சம் பேர் கூடுவார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஒரு சொகுசு கார் நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு நான்கு கதவு கூபே, அதாவது கூரை தாழ்ந்து பின்னால் சரியும் கார், யோசித்து வரையுங்கள் என்றால், பத்தில் எட்டுப் பேர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பானெட்டிலிருந்து டிக்கி வரை வில்லை வளைத்தது போல ஒரே கோடு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அப்புறம் அந்தக் கோட்டுக்குக் கீழே கதவையும் சீட்டையும் திணிக்கப் பார்ப்பார்கள். முதல் தவறு, பெரிய தவறு இதுதான்.

கூபே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வெட்டியது என்று பொருள்; வழக்கமாக இரண்டு கதவுள்ள காருக்குத்தான் அந்தப் பெயர். 1962-ல் ரோவர் நிறுவனம் தன் பி5 செடானின் கூரையைத் தாழ்த்தி, நான்கு கதவுகளையும் அப்படியே விட்டு, அதற்கு கூபே என்று பெயர் வைத்தது. இந்த வகையைப் பிரபலமாக்கியது 2004-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் சி.எல்.எஸ். அதன் வீல்பேஸ், அதாவது முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரையுள்ள தூரம், 2,854 மி.மீ.; அதே நிறுவனத்தின் அப்போதைய இ-கிளாஸ் செடானுக்கும் அதே அளவுதான். அடித்தளம் செடானுடையது, மேலே கூரை மட்டும் தாழ்ந்தது. அப்படியானால் பின்சீட்டில் இருப்பவரின் தலை எங்கே போகும்? முதல் சி.எல்.எஸ்ஸில் பின்னால் இரண்டே இருக்கைகள். மூன்று பேரை நெருக்கி உட்கார வைத்தால் ஓரத்தில் இருப்பவரின் தலை, கூரை உள்பக்கம் சரிகிற இடத்துக்குப் போய்விடும். இரண்டு பேர் என்றால் கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்ந்து உட்காரலாம், அங்கே கூரை உயரம். கோட்டின் அழகுக்கான விலையை இருக்கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் முதலில் தரைக்கோடு, பிறகு இரண்டு சக்கரங்கள், மூன்றாவதாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள். உயரமான ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 90 செ.மீ.க்கு மேல் வரும். முதுகைச் சாய்த்து, இருக்கையைத் தாழ்த்தி எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்த்த பிறகுதான் கூரைக்கோடு.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே சொகுசு கார் வாங்குபவர் பல நேரம் பின்னால்தான் உட்காருகிறார். ஆம்பூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ மூட்டுவலிக்காக வேலூர் மருத்துவமனைக்கு வரும் பாட்டியும் அதே சீட்டில்தான் ஏறி இறங்க வேண்டும். நான் ஒருமுறை என் வரைபடத்தின் பின்கதவு வழியை அட்டையில் முழு அளவுக்கு வெட்டி, மாடியில் நிறுத்தி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அம்மா ஏறிப் பார்த்தார். கொண்டையும் மல்லிகைப்பூவும் அட்டையில் இடித்தன. காகிதத்தில் அந்த மூலை எனக்கு மிகவும் பிடித்த இடம். கூரையின் உச்சியை 10 செ.மீ. பின்னால் தள்ளினேன். கோடு கெடும் என்று பயந்தேன். கெடவில்லை, காருக்கு நிதானம் வந்தது. அட்டையும் கத்திரியும் இருந்தால் போதும், எல்லோரும் செய்யலாம்.

அடுத்தது சக்கரம். 245/40 ஆர்19 என்ற அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 68 செ.மீ. 142 செ.மீ. உயரமுள்ள காரில் அதுவே ஏறத்தாழ பாதி. பிள்ளைகள் அதையும் தாண்டி வரைந்துவிட்டு, அந்தச் சக்கரம் திரும்ப எங்கே இடம் என்று பார்ப்பதில்லை.

காரின் அடிவயிற்றைத் தரையோடு ஒட்டி வரைவதும் அப்படித்தான். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அதன் மேல் 2,854 மி.மீ. வீல்பேஸ் கார் நிற்கும்போது, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் மேடு சுமார் 6 செ.மீ. எழும்பி நிற்கும். இது விதிப்படி போட்டதற்கான கணக்கு. நம் தெருக்களில் குட்டையாக, கூர்மையாகப் போட்ட மேடுகளில் முழு உயரமும் வயிற்றுக்கு அடியில்தான் வரும். ஆட்கள் ஏறிய பிறகு கார் இன்னும் தாழும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மின்சாரக் கார் என்றால் பாட்டரி தரைக்கடியில் படுத்துக்கொள்ளும், தளம் உயரும், பின்னால் இருப்பவரின் முழங்கால் மேலே வரும். 2019-ல் வந்த போர்ஷே டைக்கானில் பின்சீட்டுக்காரரின் பாதம் இறங்க பாட்டரியிலேயே ஒரு பள்ளம் விட்டார்கள். அந்தப் பள்ளம் இல்லாமல் அந்தக் கூரை இல்லை. ஆனால் எங்களிடம் வரும் மின்சார கூபே படங்களில் பாட்டரிக்கு இடமே இருப்பதில்லை.

பக்கவாட்டில் கோடு கோடாக இழுப்பதையும் நிறுத்தச் சொல்கிறேன். நேதாஜி மார்க்கெட்டில் ஒரு நல்ல கத்தரிக்காய் வாங்கி ஜன்னலோரம் வைத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் மேல் ஒரு கோடு கிடையாது. ஆனால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும், ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் விரியும். கார் உடம்பில் வரைய வேண்டியது அந்த வெளிச்சத்தைத்தான்.

முன்னால் பெரிய கிரில் (காற்று உள்ளே போகும் சல்லடை) ஒட்டிவிட்டால் நிறுவனத்தின் முகம் வந்துவிடும் என்பதும் தவறு. கிரில்லைக் கையால் மறைத்துவிட்டு யாருடைய கார் என்று கேட்டுப் பாருங்கள். பி.எம்.டபிள்யூ 1961-ல் காட்டிய 1500 காரில் பின்ஜன்னலின் கீழ்மூலை முன்பக்கமாக மடிந்திருக்கும். அந்தச் சின்ன மடிப்பை வைத்தே பக்கத்திலிருந்து அடையாளம் சொல்லலாம். கூபேயில் அந்த மூலைதான் கூரைச் சரிவு வந்து சேரும் இடம், அங்கே நேரம் செலவழியுங்கள்.

பின்கண்ணாடியை ரொம்பப் படுக்க வைக்காதீர்கள். மே மாத வேலூர் வெயில் நேராகப் பிடரியில் இறங்கும்.

போன வாரம் குடியாத்தத்திலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவி, தாத்தாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் படத்தை ஆரம்பித்திருந்தாள். "சார், தாத்தா வேட்டி கட்டியிருப்பாரு. கதவுக்குக் கீழ இருக்கிற படி இவ்வளவு அகலமா இருந்தா இறங்கும்போது புழுதியெல்லாம் வேட்டியில ஒட்டாதா?" என்று கேட்டாள். இத்தனை வருடமாகக் கூரையைப் பற்றியே பேசிய எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த ஞாயிறு கதவை அந்தப் படியையும் மூடுகிற மாதிரி கீழே இறக்கி வரைந்து பார்க்கப் போகிறோம்.